ஏழு பேர் போதுமா? ஹெல்மெட் டாக்டர் ஹ்யூ கெய்ர்ன்ஸ்

போன வைகாசி கருட சேவை முடிஞ்ச மறுநாள் எங்க பெரியப்பா சைக்கிள்ல இருந்து விழுந்துட்டார். பிள்ளையார்பாளையத்துல இருந்து சொசைட்டிக்கு முடிச்ச புடவையை எடுத்துட்டுப் போற வழியில, குறுக்கே வந்த ஒரு நாய்க்கு பிரேக் பிடிச்சதுல. நெத்தியில நாலு தையல். புடவைக்கு ஒண்ணும் ஆகலை. முதல்ல அதைத்தான் பார்த்தாராம். அன்னிக்கு சாயங்காலம் வீட்ல உட்கார்ந்து நான் வாயை விட்டேன், சைக்கிளுக்கும் ஹெல்மெட் இருக்கு பெரியப்பா, வாங்கிடலாம்னு. அவர் சிரிச்சார். நாற்பது வருஷமா ஹெல்மெட் இல்லாமதான் ஓட்டுறேன், இதோ உயிரோட உட்கார்ந்திருக்கேனேன்னார். கூட இருந்த எல்லாரும் தலையாட்டினாங்க. எனக்கு பதில் வரலை. மெக்கானிக்கல் மூணாவது வருஷம் படிக்கிறவனுக்கு பதில் வராதது கொஞ்சம் அசிங்கமாவே இருந்தது.

பதில் தேடிப் போனப்பதான் ஹ்யூ கெய்ர்ன்ஸ் என்கிற மனிதர் கிடைச்சார். மூளை அறுவை சிகிச்சை நிபுணர். 1952-லயே இறந்துட்டார். ஹெல்மெட் தலையைக் காப்பாத்துமா என்கிற கேள்வியை முதன்முதலா எண்ணிக்கை வெச்சு ஒழுங்கா கேட்டவர்களில் முக்கியமானவர். அவர் கதையை எழுதக் காரணம், அவர் கண்டுபிடிச்ச பதிலை விட, அந்தப் பதிலை நம்ப அவர் எவ்வளவு கஷ்டப்பட வேண்டியிருந்தது என்பதுதான்.

1896 ஜூன் 26 அன்று தெற்கு ஆஸ்திரேலியாவில் போர்ட் பிரீ என்ற துறைமுக ஊரில் பிறந்தார். அப்பா ஸ்காட்லாந்திலிருந்து வந்து மரவேலை செய்தவர். பெரிய குடும்பப் பின்னணி கிடையாது. அடிலெய்ட் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தபோதே முதல் உலகப்போர் வந்துவிட்டது. படிப்பை நடுவில் விட்டுவிட்டு சாதாரண சிப்பாயாக லெம்னாஸ் தீவில் இருந்த ராணுவ மருத்துவமனைக்குப் போனார். பிறகு திரும்பி வந்து 1917-ல் பட்டம் வாங்கிக்கொண்டு, இந்த முறை டாக்டராக பிரான்ஸ் போர்முனைக்குப் போனார். ரோட்ஸ் உதவித்தொகை கிடைத்து ஆக்ஸ்ஃபோர்டில் பேலியல் கல்லூரி. அங்கே படகுப் போட்டியிலும் பல்கலைக்கழகத்துக்காகத் துடுப்புப் போட்டார். கல்லூரித் தலைவரின் மகளையே திருமணமும் செய்துகொண்டார். (நம்ம காலேஜ்ல யாரும் முயற்சி பண்ண வேண்டாம்.)

அவரை மாற்றியது 1926-27-ல் அமெரிக்காவில் பாஸ்டனில் கழித்த ஒரு வருஷம். ஹார்வி குஷிங் அங்கே இருந்தார். நவீன மூளை அறுவை சிகிச்சையையே உருவாக்கியவர்னு சொல்லலாம். குஷிங்கிடம் கத்தி பிடிக்கும் கலையோடு இன்னொன்றையும் கெய்ர்ன்ஸ் கற்றுக்கொண்டார்: ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் விடாமல் குறிப்பு எழுதி வைக்கும் பைத்தியம். ஆபரேஷன் முடிந்து நோயாளி நடந்து வெளியே போனால் வெற்றி என்று கணக்கு முடிப்பதுதான் அப்போதைய வழக்கம். கெய்ர்ன்ஸ் அப்படி முடிக்கவில்லை. பாஸ்டனில் அந்த ஒரு வருஷம் பார்த்த மூளைக்கட்டி நோயாளிகள் எல்லாம் என்ன ஆனார்கள் என்று ஒன்பது வருஷம் கழித்துத் தேடிப்பிடித்து, அதை ஒரு ஆய்வுக் கட்டுரையாகவே எழுதினார். ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டிப் போனவர்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்ற இந்தப் பழக்கத்தை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி வேலைக்கு வரும்.

அடுத்து 1935. அரேபியாவின் லாரன்ஸ் என்று படம் பார்த்திருப்பீர்கள், இல்லையென்றால் அப்பாவாவது பார்த்திருப்பார். அந்த டி. இ. லாரன்ஸ் நிஜத்தில் மோட்டார் பைக் பைத்தியம். பிரஃப் சுப்பீரியர் என்ற, அந்தக் காலத்தில் எட்டாத விலையுள்ள பைக் வைத்திருந்தார். 1935 மே 13 அன்று இங்கிலாந்தின் டார்செட் பகுதியில், தன் வீட்டுக்குப் பக்கத்து ரோட்டில் வேகமாக வந்துகொண்டிருந்தார். ரோடு ஏறி இறங்கும் இடம். பள்ளத்தில் சைக்கிளில் போய்க்கொண்டிருந்த இரண்டு பையன்கள் கடைசி நிமிஷம் வரை கண்ணுக்குத் தெரியவில்லை. அவர்களை இடிக்காமல் இருக்கத் திருப்பினார், தூக்கி வீசப்பட்டார். தலையில் ஹெல்மெட் இல்லை. ஆறு நாள் நினைவு திரும்பாமல் கிடந்து மே 19 அன்று இறந்தார். வயசு 46. அந்த ஆறு நாளில் அவரைப் பார்க்க வரவழைக்கப்பட்ட டாக்டர்களில் கெய்ர்ன்ஸும் ஒருவர். ஒன்றும் செய்ய முடியவில்லை.

இந்தச் சாவுதான் கெய்ர்ன்ஸை ஹெல்மெட் பக்கம் திருப்பியது என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். இருக்கலாம். ஆனா எனக்கு அந்தக் கதை ரொம்ப அழகா இருக்கிறதால கொஞ்சம் சந்தேகம். ஏன்னா அவர் இதைப் பற்றி முதல் கட்டுரை எழுதியது ஆறு வருஷம் கழித்து. ஒரு பிரபலம் செத்ததற்காக மட்டும் அவர் உட்கார்ந்து எழுதியிருப்பாரா? நடுவில் வந்த போர் நூற்றுக்கணக்கான லாரன்ஸ்களை அவர் மேஜைக்கு அனுப்பியது.

போருக்குப் போகும் முன் ஒரு சின்ன விஷயம். 1937-ல் கெய்ர்ன்ஸ் ஆக்ஸ்ஃபோர்டில் நஃபீல்ட் அறுவை சிகிச்சைப் பேராசிரியர் ஆனார், அந்தப் பதவியில் முதல் ஆள். பணம் கொடுத்தவர் நஃபீல்ட் பிரபு. அதாவது வில்லியம் மோரிஸ், டீன்ஏஜில் சைக்கிள் ரிப்பேர் கடை போட்டு ஆரம்பித்து, பிறகு மோரிஸ் கார் கம்பெனி முதலாளி ஆனவர். நம்ம ஊரு அம்பாசடர் கார் அவர் கம்பெனியின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்ட் மாடலில் இருந்து வந்ததுதான். சைக்கிளிலும் காரிலும் சம்பாதித்த காசு, ரோட்டில் உடைந்த தலைகளைப் பற்றிய ஆராய்ச்சிக்குப் போனது!

1939-ல் போர் ஆரம்பித்ததும் பிரிட்டன் முழுக்க இரவில் விளக்கை அணைத்துவிட்டார்கள், மேலே வரும் விமானத்துக்கு ஊர் தெரியக்கூடாது என்று. தெருவிளக்கு கிடையாது, வண்டி ஹெட்லைட்டுக்கும் மூடி. அதே நேரம் ராணுவத்தில் செய்தி கொண்டுபோகும் பையன்கள் ஆயிரக்கணக்கில் மோட்டார் பைக்கில் பறந்துகொண்டிருந்தார்கள். போரின் முதல் 21 மாதத்தில் மட்டும் 2279 பைக் ஓட்டிகளும் பின்னால் உட்கார்ந்தவர்களும் ரோட்டில் இறந்தார்கள். மாதத்துக்கு நூறுக்கு மேல. எதிரி குண்டு ஒன்றும் படாமலே.

கெய்ர்ன்ஸ் ஆக்ஸ்ஃபோர்டில் செயின்ட் ஹ்யூஸ் என்ற பெண்கள் கல்லூரியை எடுத்து தலைக்காயத்துக்கென்றே ராணுவ மருத்துவமனை ஆக்கியிருந்தார். அங்கேதான் அவர் எண்ண ஆரம்பித்தார். 1941-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் கட்டுரை வந்தது. அதில் உள்ள ஒரு எண் என்னைப் பிடித்துக்கொண்டது: ஏழு. ஹெல்மெட் போட்டிருந்து அடிபட்டவர்களாக அதுவரை அவர் பார்த்திருந்தது வெறும் ஏழு பேர். ஏழு பேரும் பிழைத்தார்கள்.

இங்க நிறுத்துங்க. ஏழுக்கு ஏழு, நூறு சதவீதம், ஹெல்மெட் ஜெயிச்சாச்சுன்னு ஸ்லைடு போட்டு நம்ம ஆளுங்க செமினாரை முடிச்சிருப்பாங்க. எங்க பெரியப்பா சொன்னதும் கிட்டத்தட்ட இதே கணக்குதான், திசை மட்டும் மாறியிருக்கு: ஒண்ணுக்கு ஒண்ணு, ஹெல்மெட் இல்லாம பிழைச்சாச்சு.

இரண்டிலும் ஒரே ஓட்டை. ரோட்டிலேயே செத்தவர் ஆக்ஸ்ஃபோர்ட் ஆஸ்பத்திரி கட்டிலுக்கு வரமாட்டார். ஹெல்மெட் போட்டும் செத்தவர்கள் இருந்திருந்தால் அவர்கள் நேராக சவக்கிடங்குக்குப் போயிருப்பார்கள், கெய்ர்ன்ஸ் பார்த்திருக்கவே மாட்டார். அதே மாதிரி ஹெல்மெட் போட்டு விழுந்து, தூசி தட்டி எழுந்து, டீ குடித்துவிட்டுப் போனவரும் வரமாட்டார். ஆஸ்பத்திரி என்பது நடுவில் இருக்கும் ஒரு சல்லடை. இரண்டு பக்கமும் ஆட்கள் தப்பிப் போகிறார்கள். நாற்பது வருஷம் சைக்கிள் ஓட்டிப் பிழைத்தவர் திண்ணையில் உட்கார்ந்து கதை சொல்வார். பிழைக்காதவர் அந்தத் திண்ணைக்கு வரமாட்டார்.

கெய்ர்ன்ஸ் ஏழை வைத்து முடித்துவிடவில்லை என்பதுதான் அவர் மேல் மரியாதை வரக் காரணம். தலைக்காயம்தான் பைக் ஓட்டிகளைக் கொல்லும் முக்கியக் காரணம் என்று காட்டி, ஹெல்மெட் உதவும் என்று நம்ப இடமிருக்கிறது என்ற அளவில் வாதம் வைத்தார். ராணுவம் அதைக் கேட்டது. 1941 நவம்பரில் டியூட்டியில் இருக்கும் எல்லா ராணுவ பைக் ஓட்டிகளும் ஹெல்மெட் போட வேண்டும் என்று உத்தரவு வந்தது. முழு ஆதாரம் கையில் வரும்வரை காத்திருந்தால் இன்னும் எத்தனை மாதம், மாதத்துக்கு நூறு பேர் என்ற கணக்கு அவர் முன்னால் இருந்தது. எனக்கு இது நெருடலாகவும் இருக்கு, சரியாகவும் இருக்கு.

உத்தரவு வந்ததால் ஆய்வுக்கும் ஒரு நன்மை. திடீரென்று ஆயிரக்கணக்கான தலைகளில் ஹெல்மெட். அப்போது அவர் கூட்டு சேர்த்தவர் ஒரு டாக்டர் இல்லை. ஏ. ஹெச். எஸ். ஹோல்பர்ன் என்ற இயற்பியல்காரர். இரண்டு பேரும் சேர்ந்து 1943-ல் எழுதிய கட்டுரையில் ஏழு போய், ஹெல்மெட்டோடு நடந்த விபத்துகள் நூறைத் தாண்டியிருந்தன. தலையில் எந்த இடத்தில் அடி, எலும்பு உடைந்ததா, ஹெல்மெட் எதனால் செய்தது என்று பார்த்தார்கள். ஹெல்மெட் போட்டவர்களிடம் மண்டை எலும்பு முறிவு குறைவாக இருந்தது.

ஹோல்பர்னைப் பற்றி மெக்கானிக்கல், சிவில் பசங்க தனியா படிக்கணும். ஜெலட்டினில் மூளை மாதிரி வடிவம் செய்து, அதை அசைத்து, போலரைஸ் செய்த ஒளியில் எங்கே திரிபு வருகிறது என்று பார்த்தார். நாம லேப்ல பிளாஸ்டிக் துண்டை வெச்சுப் பண்ணுற அதே ஃபோட்டோஎலாஸ்டிசிட்டி, மூளைக்கு. மூளையை அமுக்கிச் சுருக்குவது கஷ்டம், ஆனால் முறுக்குவது ரொம்ப சுலபம் என்பது அவர் வாதம். வீட்டிலேயே பார்க்கலாம்: டம்ளரில் கடல்பாசி ஜெல்லி உறைந்ததும் டம்ளரை நேராகத் தள்ளுங்க, ஜெல்லி பெருசா ஒண்ணும் ஆகாது. சட்டுனு திருகுங்க, ஓரம் பிய்ஞ்சுக்கும். தலை சுழலும்போதுதான் மூளைக்கு நிஜமான ஆபத்து என்று அவர் 1943-ல் சொன்னதை வைத்துத்தான் இன்றைக்கும் ஹெல்மெட் டிசைன்காரர்கள் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள்.

நேரான அடிக்கு ஹெல்மெட் என்ன செய்யும் என்பது அதைவிட சுலபமான கணக்கு, ஒரு வரிதான். தலை விழும் உயரத்தை, அது நிற்க எடுக்கும் தூரத்தால் வகுத்தால், சராசரியா எத்தனை ஜி என்பது கிட்டத்தட்ட வந்துவிடும். சைக்கிளில் இருந்து விழும் தலைக்கு 1.5 மீட்டர் உயரம் என்று வையுங்கள். வெறும் தோலும் முடியும் 5 மில்லிமீட்டரில் நிறுத்தினால் 300 ஜி. நசுங்கும் தெர்மாகோல் 25 மில்லிமீட்டரில் நிறுத்தினால் 60 ஜி. ஹெல்மெட்டின் வேலையில் பெரும்பகுதி இதுதான்: நிற்பதற்கு இன்னும் 20 மில்லிமீட்டர் இடம் கொடுப்பது. ஒரு தடவை நசுங்கிய ஹெல்மெட்டை மறுபடி போடக்கூடாது என்பதும் இதனால்தான்.

ஆனா லேப் கணக்கு வேற, ரோடு வேற. போர் முடிந்தபின் 1946-ல் கெய்ர்ன்ஸ் மூன்றாவது கட்டுரை எழுதினார். 1939-ல் இருந்து 1945 வரை மாதாமாதம் எத்தனை பைக் ஓட்டிகள் இறந்தார்கள் என்று வரைபடம். 1941 நவம்பருக்குப் பிறகு கோடு இறங்குகிறது. பார்க்க நல்லா இருக்கு. ஆனால் 1942 ஜூலையில் பிரிட்டனில் பொதுமக்களின் சொந்த உபயோகத்துக்கான அடிப்படை பெட்ரோல் ரேஷனையே நிறுத்திவிட்டார்கள். பெட்ரோல் இல்லைன்னா பைக் இல்லை, பைக் இல்லைன்னா விபத்து இல்லை. கோட்டை இறக்கியது ஹெல்மெட்டா, காலி டேங்கா? இரண்டும்தான் இருக்க வேண்டும். அந்த வரைபடத்தை மட்டும் வைத்து எது எவ்வளவு என்று பிரிக்க முடியாது.

இதே முடிச்சு ஐம்பது வருஷம் கழித்து அவர் பிறந்த நாட்டிலேயே திரும்ப வந்தது. 1990 ஜூலை 1 அன்று ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் சைக்கிளுக்கும் ஹெல்மெட் கட்டாயம் என்றது. தலைக்காயம் குறைந்தது. ஆனால் மெல்போர்னில் சைக்கிள் ஓட்டும் பள்ளிப் பிள்ளைகளின் எண்ணிக்கையும் குறைந்துவிட்டது. சட்டம் தலைகளைக் காப்பாற்றியதா, சைக்கிளை விட்டு இறக்கிவிட்டதா என்ற சண்டை இன்னும் ஓய்ந்தபாடில்லை. இதற்கு ஒரு நல்ல தந்திரம் இருக்கு: கை, கால் காயங்களையும் சேர்த்து எண்ணுவது. ஓட்டுபவர்கள் குறைந்தால் எல்லாக் காயமும் ஒன்றாகக் குறையும். ஹெல்மெட் வேலை செய்தால் தலைக்காயம் மட்டும் கூடுதலாகக் குறையும். முழங்காலுக்கு ஹெல்மெட் தெரியாது.

சைக்கிளுக்கு முதல் பெரிய பதில் 1989-ல் அமெரிக்காவின் சியாட்டிலில் இருந்து வந்தது. ஆட்களைப் பாதியாகப் பிரித்து, நீ ஹெல்மெட் போடு, நீ போடாதே, இப்போ போய் விழு என்று யாரும் சோதனை செய்ய முடியாது. அதனால் பின்னாலிருந்து வந்தார்கள். சைக்கிளில் விழுந்து தலையில் அடிபட்ட 235 பேரை எடுத்தார்கள். அதே எமர்ஜென்சிக்கு சைக்கிளில் விழுந்து வந்து, ஆனால் தலையில் அடிபடாத 433 பேரை ஒப்பிட வைத்தார்கள். முதல் கூட்டத்தில் ஹெல்மெட் போட்டிருந்தவர்கள் 7 சதவீதம், இரண்டாவதில் 24. அதோடு விடாமல், ஆஸ்பத்திரிக்கு வந்தாலும் வராவிட்டாலும் சைக்கிளில் விழுந்த 558 பேரை ஒரு மருத்துவ சங்க உறுப்பினர்களிடமிருந்து தேடிப்பிடித்தார்கள். தூசி தட்டி எழுந்து போன ஆட்கள்! அவர்களிடம் 23 சதவீதம். இரண்டு சல்லடையும் ஒரே பதில் சொன்னதால் நம்பிக்கை வந்தது. வயது முதலியவற்றைச் சரிசெய்தபின் தலைக்காய வாய்ப்பு 85 சதவீதம் குறைவு என்றார்கள்.

அந்த 85 கொஞ்சம் தாராளம் என்று பின்னால் தெரிந்தது. ஹெல்மெட் போடுகிறவர் பொதுவாகவே நிதானமாக ஓட்டுகிறவராக இருக்கலாம் இல்லையா? 2017-ல் நாற்பது ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பு, தலைக்காயம் 51, கடுமையான தலைக்காயம் 69 சதவீதம் குறைவு என்று வந்தது. எண் இறங்கியது, திசை மாறவில்லை.

கெய்ர்ன்ஸ் இதையெல்லாம் பார்க்கவில்லை. போர் நடுவில் நடமாடும் மூளை அறுவை சிகிச்சை வண்டிகளை உருவாக்கினார், 1943-ல் ஃப்ளோரியோடு வட ஆப்பிரிக்கா போய் பென்சிலினைப் போர்க்காயங்களில் சோதித்தார். 1945 டிசம்பரில் கார் விபத்தில் கழுத்து உடைந்த அமெரிக்க ஜெனரல் பேட்டனைப் பார்க்க ஜெர்மனிக்குப் பறந்தார்; அவரையும் காப்பாற்ற முடியவில்லை. 1946-ல் சர் பட்டம். 1949-ல் நமக்குப் பக்கத்தில் வேலூர் சி.எம்.சி.யில் ஜேக்கப் சாண்டியும், 1950-ல் சென்னையில் பி. ராமமூர்த்தியும் மூளை அறுவை சிகிச்சையை ஆரம்பித்தபோது அவர் உயிரோடு இருந்தார். 1952 ஜூலை 18 அன்று புற்றுநோயில் இறந்தார், வயசு 56. பிரிட்டனில் எல்லா பைக் ஓட்டிகளுக்கும் ஹெல்மெட் கட்டாயம் ஆனது 1973-ல். ராணுவ உத்தரவுக்குப் பின் 32 வருஷம்.

நம்ம 1988 மோட்டார் வாகனச் சட்டம் டூவீலருக்கு ஹெல்மெட் கேட்கிறது, சைக்கிளை விட்டுவிட்டது. உயர்நீதிமன்ற உத்தரவுக்குப் பின் 2015 ஜூலை 1 முதல் தமிழ்நாட்டில் போலீஸ் கெடுபிடி வந்தப்போ எங்க தெருவில எல்லாரும் ஒரு ஹெல்மெட் வாங்கினாங்க. பாதி ஹெல்மெட் டேங்க் மேலதான் பயணம் பண்ணுது.

இதையெல்லாம் படிச்சிட்டு நானும் என் ரூம்மேட்டும் ஒரு சனிக்கிழமை காலையில ரங்கசாமி குளம் பக்கம் டீக்கடையில நோட்டோட உட்கார்ந்தோம். சியாட்டில் மாதிரி ஒரு சின்ன அட்டவணை, காஞ்சிபுரத்துக்கு. நாலு கட்டம் போட்டோம்: ஹெல்மெட் போட்ட சைக்கிள்காரர், போடாத சைக்கிள்காரர், தலையில் தழும்பு இருக்கு, இல்லை. நெசவு வேலைக்குப் போறவங்க, பால்காரர், ஸ்கூல் பசங்க, கோயிலுக்குப் பூ எடுத்துட்டுப் போற தாத்தா. பத்து மணி வரைக்கும் உட்கார்ந்தோம். கெய்ர்ன்ஸுக்காவது ஏழு பேர் கிடைச்சாங்க. எங்க முதல் கட்டத்துல ஒரு கோடு கூட விழலை. பூஜ்யத்தை வெச்சு விகிதம் போட முடியாதுன்னு ரூம்மேட் நோட்டை மூடிட்டான்.

அந்த நோட்டை பெரியப்பாகிட்ட காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துட்டு, தறி மேட்டுல உட்கார்ந்தபடியே, அந்தக் காலிக் கட்டத்துல முதல் கோடு போட ஹெல்மெட் என்ன விலைன்னு கேட்டார்.